மெடிக்கல் பாஸாகும் முறை

1

சென்ற செவ்வாய்க்கிழமை என் குடும்ப வைத்தியரிடம் போயிருந்தேன். ஓய்வுபெற்றவர்களை ஆண்டுக்கொரு தடவை அழைத்து, இன்னும் இருக்கிறார்களா என்று பார்ப்பது இந்த நாட்டு வழக்கம். வெளியே மழை. நோர்வேயின் மேற்குக் கரையில் மழை பெய்தது என்று எழுதுவது மன்னாரில் காற்று அடித்தது என்று எழுதுவதைப்போல; எழுதாவிட்டாலும் குறையில்லை. காத்திருந்த நேரத்தில் ஒரு படிவம் தந்தார்கள். ஒன்பதாவது கேள்வி: பெற்றோர், உடன்பிறந்தோரில் எவருக்காவது ஐம்பத்தைந்து வயதுக்கு முன் மாரடைப்பு வந்ததா?

இருபத்திரண்டு வருடங்கள் அந்தக் கேள்வியை மற்றவர்களிடம் கேட்டுச் சம்பளம் வாங்கியவன் நான். என் சொந்தப் படிவங்களில் யோசிக்காமல் ‘இல்லை’ என்று கீறிவிட்டுப் போவேன். இந்த முறை ‘ஆம்’ என்று கீறினேன்.

வைத்தியர் முப்பது வயதுகூட நிரம்பாத பெண். படிவத்தைப் பார்த்துவிட்டு யார் என்று கேட்டாள்.

“தம்பி.”

“எத்தனை வயதில்?”

“ஐம்பத்தொன்று.”

“என்ன வேலை?”

“மின்சாரம். முதலில் கம்பி இழுத்தான். பிறகு காற்றாலை.”

“இரத்த அழுத்தம் இருந்தது தெரியுமா?”

“தெரியும்.”

“மருந்து எடுத்தாரா?”

“எடுத்தான். ஐந்து நாள்.”

அவள் கனிவோடு சிரித்தாள். “ஐந்து வருடம் என்று சொல்ல வருகிறீர்கள்” என்று திருத்தினாள். முப்பத்தைந்து வருடங்களுக்கு மேலாக இந்த மொழியைப் பேசியும், என் வாயில் வருவது பொருந்தாமல் இருந்தால் அது மொழிப்பிழை என்றே இங்கே முடிவு செய்கிறார்கள். நான் விரல்களை விரித்துக் காட்டினேன். ஐந்து நாள்தான். அவள் அதைப் படிவத்தில் எங்கே எழுதுவது என்று தேடினாள். அதற்குக் கட்டம் இல்லை.

வரும் வெள்ளிக்கிழமை அவனுடைய ஆண்டுத் திவசம். அந்த ஐந்து நாளைக் கண்டுபிடித்துக் கொடுத்தவன் நான் என்பதால் இதை எழுதுகிறேன்.

2

என் உத்தியோகத்தைப் பற்றி ஊரில் உலவும் கதைகளை முதலில் திருத்திவிடுகிறேன். இங்கே நடுக்கடலில் இரும்புக் கால்களில் எண்ணெய் மேடைகள் நிற்கின்றன. அங்கே வேலைக்குப் போகிறவர்கள் ஹெலிகொப்டரில் ஏறுவதற்கு முன் உடற்தகுதிச் சான்றிதழ் காட்டவேண்டும். அந்தச் சான்றிதழ்களின் கோப்புகள் இருந்த பகுதியில் நான் வேலை செய்தேன். நான் வைத்தியன் அல்ல. வைத்தியர் எங்கே கையெழுத்துப் போடவேண்டும் என்று விரலால் தொட்டுக் காட்டுகிறவன். மன்னாரில் என் உறவினர்கள் இதை ‘மெடிக்கல் பகுதியில பெரிய ஆள்’ என்று மொழிபெயர்த்திருந்தார்கள். நான் திருத்தப் போகவில்லை.

கோப்புகளைப் படிக்கப் படிக்க எனக்கு ஒன்று விளங்கியது. எண்ணெய் எடுப்பவனுக்கும் மின்சாரம் இழுப்பவனுக்கும் இதயம் கெடுகிற வழி ஒன்றுதான். பகலும் இரவும் மாறிமாறி வரும் முறைவேலை, அதனால் எந்த நேரத்தில் தூங்குவது என்று உடம்புக்கே தெரியாமல் போவது, ஓயாத இயந்திர இரைச்சல், சலிப்பில் தின்பது, சலிப்பில் புகைப்பது. ஒரு பிழை நடந்தால் ஆள் போய்விடும் என்ற பயம் இவற்றுக்கெல்லாம் அடியில் எப்போதும் இருக்கும். அதை ஒருவரும் பயம் என்று சொல்வதில்லை. ‘பழகிவிட்டது’ என்பார்கள். பழகிவிட்டது என்று படிவத்தில் எழுதியவர்களின் அழுத்தம்தான் பெரும்பாலும் கூடுதலாக இருந்தது.

சான்றிதழ் காலாவதியாகும் மாதத்தில் அவர்கள் செய்யும் வேலைகள் வேடிக்கையானவை. கிரேன் இயக்கும் ஒரு மனிதர், கதவு நிலையில் தலை இடிக்கும் உயரம், பரிசோதனைக்கு முந்தைய மாதம் முழுக்க முயலைப்போல இலை தின்றுவிட்டு வருவார். சான்றிதழ் கைக்கு வந்ததும் எங்கள் கட்டடத்தின் கீழ்மாடியில் இருந்த சிற்றுண்டிச்சாலையில் பன்றி வறுவலோடு உட்கார்ந்திருப்பார். மனைவியின் மாத்திரையை விழுங்கிவிட்டு வருகிறவர்கள் இருந்தார்கள். காலையில் கோப்பி குடிக்காமல், வாகனத்தில் அரைமணி நேரம் கண்ணை மூடி இருந்துவிட்டு உள்ளே வருகிறவர்கள் இருந்தார்கள். பலரைப் பிடித்தோம். பிடிபடாதவர்கள் என்ன செய்தார்கள் என்பதும் எனக்குத் தெரியும். கோப்பு படிக்கத் தெரிந்தவனுக்கு அதில் இல்லாததும் தெரியும்.

3

என் தம்பி குகனுக்கும் எனக்கும் பதினாறு வயது வித்தியாசம். வீட்டில் நான் மூத்தவன், அவன் கடைசி. நான் நாட்டைவிட்டுப் புறப்பட்டபோது அவன் பள்ளிக்கூடப் பையன். எங்கள் ஊர் பெருநிலத்தில், கட்டுக்கரைக் குளத்து நீர் பாயும் வயல்களுக்கு நடுவே இருக்கிறது. அந்த ஊரிலிருந்து அவன் எத்தனை தடவை ஓடினான் என்று ஒருமுறை தொலைபேசியில் எண்ணிப் பார்த்தோம். ஒன்பது வந்தது. பத்தாவது ஒன்று உண்டு என்று அவன் மனைவி தவமலர் பின்னாலிருந்து சத்தம் போட்டாள். எங்கள் படிவத்தில் புகைத்த சிகரெட்டை எண்ணக் கட்டம் இருக்கிறது. இடம்பெயர்ந்ததை எண்ணக் கட்டம் இல்லை.

போர் முடிந்து சனங்கள் திரும்பியபோது மின்சாரமும் பின்னால் வந்தது. குகன் கம்பி இழுக்கும் ஒப்பந்தக் குழுவில் சேர்ந்தான். முசலிப் பக்கம், கொண்டச்சிக்கு அங்காலும் இங்காலும், இருபது வருடம் காடாகக் கிடந்த வளவுகளுக்கு முன்னால் கம்பங்களை நட்டார்கள். கண்ணிவெடி எடுத்து முடிந்தது என்று அடையாளம் கட்டிய பாதையில் மட்டும்தான் நடக்கலாம். உழவு இயந்திரம் போகாத இடத்தில் கம்பத்தை எட்டுப்பேர் தோளில் கொண்டு போவார்கள். முதன்முதலாக விளக்கு எரிந்த வீட்டில் லைன்காரருக்குத் தேத்தண்ணி கொடுக்காமல் அனுப்பமாட்டார்கள். சந்தோசத்தில் சீனியை அள்ளிப் போடுவார்கள். வேண்டாம் என்றால் அந்த வீட்டு மனிசி அழுதுவிடும் என்றான் குகன். ஒருநாளில் பதினொரு தேத்தண்ணி குடித்ததாகப் பெருமையாகச் சொன்னான். மத்தியானம் கருவாடு, அந்திக்குக் கொத்துரொட்டி, இடையில் பீடி.

பிறகு மன்னார்த் தீவின் கரையோரம் காற்றாலைகள் எழும்பத் தொடங்கின. ஊரில் அவற்றைக் காத்தாடி என்றார்கள். ஒருநாள் குகன் அழைத்தான்.

“பெரியண்ணை, ஒரு விசயம் கேக்கவேணும். நீங்கள் மெடிக்கல் பகுதியிலதானே இருந்தனீங்கள்?”

“இருந்தனான். ஏன்?”

“காத்தாடிக்கு ஆள் எடுக்கினம். கோபுரத்துக்கு உள்ளால ஏணியில ஏறவேணும். அதுக்கு மெடிக்கல் இருக்காம். எனக்குப் பிறசர் கொஞ்சம்.”

“கொஞ்சம் எண்டால்?”

“மேல நூற்றி எழுபதாம்.”

“கீழ?”

“கீழயும் இருக்காம்.”

சிரித்துவிட்டேன். அவனும் சிரித்தான். பிறகு கிளினிக்குக்குப் போகச் சொன்னேன்.

“கிளினிக்குக்குப் போனால் கொப்பி போடுவினம் அண்ணை. கொப்பி விழுந்தால் வருத்தக்காரன் எண்டு எழுத்தில வந்திடும். பிறகு ஆர் வேலை தருவினம்?”

ஊரில் இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அரச ஆசுபத்திரியில் மாதாந்தம் மருந்து எடுப்பவர் ஓர் அப்பியாசக் கொப்பியோடு போகவேண்டும். அதில்தான் எல்லாம் எழுதப்படும். ஆனால் எங்கள் ஆண்களுக்கு அந்தக் கொப்பி கையில் வரும் நாளில்தான் நோய் வருகிறது. கொப்பி இல்லாதவனுக்கு நோய் இல்லை.

“மருந்து எடுத்தால் தலை சுத்துது. கம்பத்தில நிண்டு தலை சுத்தினால் பிறசருக்கு முதல் நான் போயிடுவன்” என்றான். அதில் நியாயம் இருந்தது. பிறகு சொன்னான்: “வெள்ளைக்காரன் என்ன செய்து தப்புறவன் எண்டு சொல்லுங்கோ அண்ணை, காணும். உங்களுக்குத் தெரியாததோ?”

மறுத்திருக்கலாம். அப்போது நான் ஓய்வுபெற்று இரண்டு வருடம். நடைமுறை தெரிந்தவன் என்று என்னிடம் எவரும் எதையும் கேட்டு இரண்டு வருடம். மகள் தன் வரிப் படிவத்தைக்கூட கணினியில் தானே முடித்துவிடுகிறாள். அன்று மத்தியானம் சாப்பாட்டு மேசையில் இருந்து, நீலப் பேனையால், ஏழு படிகளாக எழுதினேன். எத்தனை நாள் முன்பிருந்து உப்பைக் குறைப்பது, யாரிடம் எந்த மாத்திரை கேட்பது, அதை எத்தனை நாள் எடுப்பது, அன்று காலை எதைக் குடிக்கக்கூடாது, கையை எப்படி வைப்பது. முக்கியமான சொற்களுக்குக் கீழே அடிமட்டத்தால் கோடு போட்டேன். இரவல் மாத்திரை ஐந்து நாள் என்று எழுதியதும் நான்தான். உண்மையைச் சொன்னால், நீண்ட காலத்துக்குப் பிறகு மிகவும் சந்தோசமாக இருந்த மத்தியானம் அது.

ஏழாவது படியாக, ‘சான்றிதழ் கிடைத்த மறுநாளே கிளினிக்குக்குப் போய்த் தொடர்ந்து மருந்து எடுக்கவேண்டும்’ என்று எழுதினேன். என் கந்தோரிலும் ஒவ்வொரு சுற்றறிக்கையின் கடைசியிலும் இப்படி ஒரு வரி இருக்கும். அதை யாருக்காக எழுதுவோம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். எழுதுகிறவருக்காக.

தாளைப் படமெடுத்து அனுப்பினேன். இரண்டு கிழமையில் குகன் அழைத்தான். “பாஸ் அண்ணை! நூற்றி முப்பத்தாறு! டொக்டர் சொல்லுறார், நல்ல உடம்பாம்.”

நானும் வாழ்த்தினேன்.

4

ஏழு மாதம் வேலை செய்தான். பன்னிரண்டு மணிநேர முறை, பகல் ஒரு கிழமை, இரவு ஒரு கிழமை. கோபுரத்தின் உள் ஏணி, காற்று நுழையாத இரும்புக் குழாய். வெளியே வந்தால் ஊரையே தூக்கும் காற்று. ஒருமுறை மருந்து எடுக்கிறாயா என்று கேட்டேன். “சேர்ட்டிபிக்கற் இரண்டு வருசத்துக்கு இருக்கு அண்ணை” என்றான். அந்தக் கடுதாசி செல்லுபடியாகும்வரை நோய் வெளியே காத்திருக்கும் என்பதுபோல. நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

நடந்ததை அவனோடு வேலை செய்தவர்கள் சொல்லித்தான் அறிந்தேன். ஓலைத்தொடுவாய்ப் பக்கம், ஒரு முற்பகல், கேபிள் இழுத்துக்கொண்டிருந்தார்கள். குகனுக்கு இடப்பக்கத் தாடை வலித்தது. பல் என்றான். பிறகு நெஞ்சு எரிந்தது. காஸ் என்றான். ஒருவர் சோடா வாங்கிக் கொடுத்தார். தண்ணீர்ப் பவுசர் வண்டியின் நிழலில் மணலில் குந்தியிருந்து குடித்தான். மேற்பார்வையாளர் வந்து என்ன என்று கேட்டபோது எழுந்து நின்று, ஒன்றுமில்லை, வெயில் என்றான். சுகமில்லை என்று பதிவானால் மறுபடியும் மெடிக்கலுக்கு அனுப்புவார்கள். அந்தப் பயத்தில் அரை மணி நேரம் நின்றபடியே கேபிள் இழுத்தான். மன்னார் ஆசுபத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனபோது அவர்கள் செய்வதற்கு எதுவும் இருக்கவில்லை.

வேலைநேரத்தில் ஏற்பட்ட சுகவீனம், விபத்து அல்ல, என்று நிறுவனத்தார் எழுதினார்கள். நானாக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

மகளுக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவள் இன்னொரு நகரத்தில் இருக்கிறாள். தமிழ் அவளுக்குப் பண்டிகைச் சேலை மாதிரி. வருடத்தில் சிலதடவை எடுத்துக் கட்டுவாள், மடிப்பு நிற்காது. “சித்தப்பா முடிஞ்சிட்டாரா?” என்று கேட்டாள். ஓம் என்றேன். பிறகு ஏழு படிகளைப் பற்றியும் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அவள் நோர்வேஜிய மொழிக்கு மாறினாள். “அப்பா, நீங்கள் அவருக்கு ஏமாற்றக் கற்றுக்கொடுத்தீர்களா?” தமிழில் கேட்டிருந்தால், அங்கத்தைய நிலைமை உனக்கு விளங்காது என்று தொடங்கி அரைமணி நேரம் பேசியிருப்பேன்.

5

செத்தவீட்டுக்குப் போய்ச்சேர முடியவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குப் போனேன். வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீடு. முன்பக்கம் பூசி, பின்பக்கம் கல் தெரிந்தபடி நின்றது.

சாப்பாட்டுக்குக் குகனோடு வேலை செய்தவர்கள் வந்தார்கள். அவர்களில் இருவரைத்தான் இங்கே சொல்லவேண்டும். ஒருவர் நிஸ்தார், பவுசர் சாரதி. முசலியிலிருந்து குடும்பத்தோடு புத்தளத்துக்குத் துரத்தப்பட்டு, இருபது வருடம் கழித்துத் திரும்பியவர். மற்றவர் பெருமாள், ஏணிக் குழுவின் மூத்தவர். எழுபத்தேழுக் கலவரத்தில் மலைநாட்டிலிருந்து தகப்பனின் தோளில் வன்னிக்கு வந்த குழந்தை. இப்போது நாற்பத்தெட்டு வயது.

பெருமாள் என்னைக் கண்டதும் எழுந்து இரண்டு கையாலும் கும்பிட்டார்.

“நீங்கதான் அந்த ஆறு படி எழுதின ஐயாவா? உங்க முகத்தப் பாக்கணும்னு எவ்வளவு நாளா இருந்தேன்!”

எனக்கு முதலில் விளங்கவில்லை. நிஸ்தார் தன் தொலைபேசியை எடுத்துக் காட்டினார். என் கையெழுத்து அல்ல. யாரோ கொப்பித் தாளில் அழகாகப் பிரதி எடுத்து, மேலே ‘மெடிக்கல் பாஸாகும் முறை’ என்று தலைப்பும் போட்டு, கோடுகளைக்கூட விடாமல் போட்டிருந்தார்கள்.

“ஒம்பது பேர் இதால பாஸ், ஐயா” என்றார் நிஸ்தார். “மாத்திரை எல்லாம் என்ட கிளினிக் கொப்பியிட பறக்கத்து. ஒரு ஆளுக்குத் தாறதில ஒம்பது பேரைத் தேத்தினனான்.”

“அப்ப உங்களுக்கு?”

“எனக்கென்ன, நான் இருந்து செய்யிற வேலை.”

எல்லோரும் சிரித்தார்கள். செத்தவனின் படத்துக்கு முன்னால் இருந்துகொண்டு, அவனையும் சேர்த்துக்கொண்டு சிரிப்பதுபோலத்தான் இருந்தது.

“நான் ஏழு படி எழுதினனான்” என்றேன்.

“ஏழாவது என்னங்க?” என்றார் பெருமாள்.

சொன்னேன். பெருமாள் கொஞ்சம் யோசித்தார். “அது பாஸானதுக்கு அப்புறம் உள்ளதுதானுங்களே. அதான் வுட்டிருப்பாங்க.”

6

மறுநாள் மன்னார் பட்டினத்துப் பாமசியில் இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி ஒன்று வாங்கிக்கொண்டு அவர்கள் தங்கியிருந்த வாடகை வீட்டுக்குப் போனேன். அன்று ஓய்வுநாள். வரிசையாக வந்து கையை நீட்டினார்கள். ஏதோ லொத்தர் விழுவதைப் பார்ப்பதுபோல ஒருவர் எண்ணை மற்றவர் சத்தமாகச் சொன்னார். நிஸ்தாருக்கு நூற்று அறுபத்துநாலு. இரண்டு பேர் சுகம். மற்றவர்கள் நடுவில்.

பெருமாளுக்கு நூற்றுத் தொண்ணூற்றெட்டு. கீழே நூற்றுப் பதினெட்டு.

நடைமுறைப்படி ஐந்து நிமிட இடைவெளியில் மூன்றுதரம் எடுத்தேன். மூன்றும் ஏறக்குறைய ஒன்று. சிரிப்பு நின்றுவிட்டது.

“மெசின் புதுசுங்க, அப்படித்தான் காட்டும்” என்றார் பெருமாள்.

“நெஞ்சு நோகுதோ?”

“ஏணி ஏறுறப்ப ஒரு பிடி பிடிக்கும். நின்னா வுட்டுரும்.”

அவரை வெளியே கூட்டிக்கொண்டு போனேன். இன்றைக்கே ஆசுபத்திரிக்குப் போகவேண்டும், இனி ஏணியில் ஏறக்கூடாது என்றேன். அவர் முற்றத்து மணலில் குந்திக்கொண்டார்.

“ஐயா, போன தடவ எனக்கு ஆறு மாசத்துக்குத்தான் குடுத்தாங்க, இன்னும் ரெண்டு வாரத்துல திரும்ப மெடிக்கல். நிஸ்தார் அண்ணன் மாத்திரை வச்சிருக்காரு. இத நீங்க யாருக்கும் சொல்லிப்புடாதீங்க.”

“பெருமாள், குகனுக்கு நடந்தது உங்களுக்கும் நடக்கும்.”

“நடக்கலாம். எங்க தாத்தா தோட்டத்து லயத்துல செத்தாரு. எங்கப்பா முகாம்ல செத்தாரு. ஒரு அடி மண்ணு அவங்க பேருல இருந்ததில்ல. எனக்கு இப்பதான் கல்லு வீடு வந்திருக்கு. பொண்ணு பெரிய பரீட்ச எழுதப் போவுது. ஒரு ரெண்டு வருசம். ரெண்டே வருசம் ஏறிட்டேன்னா இறங்கிருவேன். அதுவரைக்கும் நீங்க கண்ண மூடிக்கிட்டா போதும்.”

இரண்டு வருடம் கண்ணை மூடிக்கொள்ளும்படி என்னிடம் கேட்ட முதல் மனிதர் அவர் அல்ல. எண்ணெய் மேடைக்காரர்களுக்கு முடியாது என்று சொல்வது சுலபமாக இருந்தது. இவர்களுக்கு விழுவதற்குத் தரைகூட இல்லை. அவர்களையோ மேடையிலிருந்து இறக்கினால் அரசாங்கம் ஒரு மெத்தையை விரித்து வைத்திருக்கும்.

7

அன்று பின்னேரம் தவமலரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஏழு படி எழுதியது நான்தான், அவன் போனதில் எனக்குப் பங்கிருக்கிறது என்றும் சொன்னேன். விமானத்திலிருந்தே அதை ஒத்திகை பார்த்திருந்தேன். அவள் குசினிக் கதவடியில் நின்று அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

“தெரியும் அத்தான். அவருக்குக் கண்ணாடி இல்லாமல் உங்கட கையெழுத்து விளங்காது. நான்தான் வாசிச்சுக் காட்டினனான்.”

“ஏழாவதையும்?”

“ஓம். அதை வாசிக்கேக்க அவர் எழும்பிப் பீடி பத்தப் போயிட்டார். நானும் திருப்பிச் சொல்லேல்லை.” சுளகைத் தட்டினாள். “வேலை கிடைக்கவேணும் எண்டு எனக்கும் ஆசைதானே.”

பெருமாளின் எண்ணைச் சொன்னேன். என்ன செய்யலாம் என்று எனக்குத் தெரியும் என்றும், செய்தால் அவளுக்கு என்ன நடக்கும் என்றும் சொன்னேன். குகன் இறந்தபின், வேலைத்தளக் கந்தோரில் கூட்டித் துடைக்கும் வேலை அவளுக்குத் தருவதாக ஒப்பந்தக்காரர் சொல்லியிருந்தார். அந்தத் தாளை நான் அந்தக் கந்தோரில் கொண்டுபோய்க் கொடுத்தால் குகன் ஏமாற்றித்தான் சேர்ந்தான் என்பது வெளியே வரும். பிறகு அந்த வேலையும் இருக்காது.

உமியை முற்றத்தில் கொட்டிவிட்டு வந்தாள்.

“அவர் சோடா குடிச்சுப்போட்டு அரை மணித்தியாலம் நிண்டவராம். சுத்தி எல்லாரும் நிண்டவை. அவருக்குச் சுகமில்லை எண்டு அவை எல்லாருக்கும் தெரியும். ஒருதர் காட்டிக் குடுத்திருந்தால் காணும், அத்தான். ஒரே ஒருதர்.”

மறுநாள் காலை வேலைத்தளக் கந்தோருக்குப் போனேன். குளிரூட்டிய ஒரு கொள்கலப் பெட்டி. பாதுகாப்பு அதிகாரி கொழும்பிலிருந்து வந்த இளைஞர், பண்பாகக் கதிரை தந்தார். ஒரு தொழிலாளியின் உடல்நிலை பற்றிச் சொல்லவேண்டும் என்றேன். அவர் மறுப்பாகத் தலையாட்டினார். “சொறி அங்கிள். இன்னொருவருடைய மெடிக்கல் விபரத்தை நான் உங்களிடம் கேட்கக்கூடாது. அவருடைய ஒப்புதல் வேண்டும்.”

சரியான பதில். அதே வாசகத்தை எத்தனையோ மனைவிமாருக்கு, தாய்மாருக்கு நான் சொல்லி அனுப்பியிருக்கிறேன். ஒருத்தி எங்கள் படிக்கட்டில் குந்தியிருந்து அழுதுவிட்டுப் போனாள். அப்போது நடைமுறை என் பக்கம் இருந்தது.

ஆனால் நடைமுறை தெரிந்தவனுக்குக் கதவு ஒன்றல்ல. எந்த மனிதரைப் பற்றியும் எழுதவில்லை. அந்த மேசையிலேயே தாள் வாங்கி, ‘உங்கள் வேலைத்தளத்தில் வழங்கப்பட்ட உடற்தகுதிச் சான்றிதழ்கள் இணைப்பிலுள்ள முறையால் பெறப்பட்டவை, முறையை எழுதியவர் கீழே கையொப்பமிடும் நான், முன்னறிவித்தலின்றி எல்லோரையும் மறுபரிசோதனை செய்யாமல் விட்டு, அடுத்து எவராவது விழுந்தால், அதை நீங்கள் முன்பே அறிந்திருந்தீர்கள் என்பதற்கு இக்கடிதமே சான்று’ என்று எழுதி, பிரதியில் அவருடைய கையெழுத்தும் திகதியும் கேட்டேன். கையெழுத்துப் போடும் இடத்தை விரலால் தொட்டுக் காட்டினேன். அவர் முகம் மாறியது. எழுத்தில் வந்துவிட்டால் எந்தக் கந்தோருக்கும் காது கேட்கும்.

இரண்டு நாளில் எல்லோரையும் மறுபரிசோதனைக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் விமானநிலையத்துக்குப் போகிற வழியில் நிஸ்தார் அழைத்தார். மூன்று பேரை நிறுத்திவிட்டார்கள். அவரும் அதில் ஒருவர். “ஐயா, நீங்க ஏணியைத் தந்திட்டு நாங்க ஏறினாப்பிறகு இழுத்திட்டீங்க” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

பெருமாள் பேசவில்லை. அவரைப் பரிசோதனை மேசையிலிருந்து நேராக வார்டுக்கே கொண்டு போனார்களாம்.

8

இதெல்லாம் நடந்து பதினொரு மாதம். தவமலருக்குச் சொன்ன வேலையைப் பற்றிப் பிறகு எவரும் வாய் திறக்கவில்லை. முருங்கனில் ஒரு கடைக்கு இடியப்பம் அவித்துக் கொடுக்கிறாள். நிஸ்தார் ஆட்டோ ஓட்டுகிறார். மாத்திரையை இப்போது முழுதாகத் தானே விழுங்குவதாகச் சொல்கிறார். நம்பலாம், மாத்திரை கேட்க இப்போது வேறு ஆள் இல்லை. காத்தாடிகளுக்குத் தென்னிலங்கையிலிருந்து வேறு குழு வந்திருக்கிறது. அவர்களுக்கும் மெடிக்கல் உண்டு. அவர்களுக்கும் ஓர் அண்ணன் எங்காவது இருப்பான்.

நல்லது செய்தேன் என்று சொல்லமாட்டேன். ஒருவனைக் கொன்ற அதே அறிவு இன்னொரு குடும்பத்தின் அடுப்பையும் அணைத்தது. பெருமாளின் மகள் பரீட்சை எழுதவில்லை. மன்னாரில் ஒரு புடைவைக்கடையில் நிற்கிறாள். இதை எழுதும்போதுகூட என் பக்கத்தில் ஒரு வாதம் தயாராக எழும்புகிறது. எழும்பட்டும். இருத்திவிடப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

பெருமாள் இப்போது ஒரு நெல் களஞ்சியத்தில் காவல். மாதாமாதம் கிளினிக்குக்குக் கொப்பியோடு போகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அழைப்பேன். அவர் தொலைபேசியைத் தொடமாட்டார். அவருடைய மனைவி சரோஜா எடுத்து, மருந்து குடித்தார், உப்புக் குறைவு, போன கிழமை நூற்று நாற்பத்திரண்டு என்று தாழ்ந்த குரலில் ஒப்புவிப்பார். கடந்த ஞாயிறும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து அவர் குரல் வந்தது.

“யாரு? அந்த ஏழாம்படியா? கேளுடி அவன! எம் பொண்ணோட படிப்புக்கு எத்தன படின்னு கேளு! வெளிநாட்டுல மழையில ஒக்காந்துக்கிட்டு எங்க ஒடம்ப எண்ணுறானா? அவன் எழுதினதாலதான் ஏறினோம், அவன் எழுதினதாலதான் எறங்கினோம், அவன் கையி வெளங்குமா...”

சரோஜா பதறிப்போய், வைக்கிறேன் ஐயா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ என்றார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். அவர் ஏசத் தொடங்கி இரண்டரை நிமிடம், இருமல் இல்லை, இடையில் ஒரு இடத்தில்கூட மூச்சுக்காக நிற்கவில்லை.

வைக்கவேண்டாம், அவர் பேசி முடிக்கட்டும் என்றேன்.